பெரிய நம்பர் அம்பு

மச்சான் மகனுக்கு அம்பு எடுக்கப் போறாராம்.
"பெரிய நம்பரா எடுப்பம், உறுதியா இரிக்கும்" எண்டாரு.

கதை தலைகீழ் மச்சான். அம்பில போட்டிரிக்கிற நம்பர் அது எவ்வளவு வளையும் எண்டதச் சொல்ற.
28 அங்குல இடைவெளியில ரெண்டு தாங்கி வச்சு அதுல அம்பக் கிடத்தி, நடுவில 1.94 இறாத்தல் தொங்கவிட்டு, அரை அங்குலம் வளைஞ்சா அது 500. ஒரு அங்குலம் எண்டா 1000.
நம்பர் கூடக்கூட இளக்கம்!

விட்ட அம்பு நேராப் போறல்ல. மீன் மாதிரி நெளிஞ்சுதான் வில்லத் தாண்டும்.
வலக்கைக்காரனுக்கு விறைப்பு கூடினா இடப்பக்கம் விலகும், இளக்கம் கூடினா வலப்பக்கம்.
அம்பு நீளமெண்டாலும், முனை பாரமெண்டாலும் இன்னும் இளகும்.

பழகிற பொடியனுக்கு இலேசான வில்லு. இளக்கமான அம்புதான் சரி.

(இவ்வளவும் சொல்ற நான் கல்முனைக் கடக்கரையில எய்ததெல்லாம் ஈர்க்கில் அம்பு!)

பொடியன் வளருவான், வில்லும் பாரமாகும்.
மறுகா இந்த அம்பெல்லாத்தையும் என்ன செய்யிற?