ஜெபத்துக்கு நிக்கலாமா?

போன வெள்ளி அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தர் மெதுவா கேட்டார். "அண்ணே, மகளுக்குக் கிறிஸ்தவ இண்டர்நேஷனல் ஸ்கூல்ல பாதிக் கட்டணத்துல இடம் கிடைச்சிருக்கு. காலையில ஜெபம் உண்டாம். அனுப்பினா சாமி குத்தமா?"

பக்கத்தில் இருந்த பெரியவர் முகம் சுளித்தார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரே காப்பார் மெதடிஸ்ட் தமிழ்ப்பள்ளியில் படிச்சவர்தான்!

நல்லூர் ஆறுமுக நாவலரை நினைச்சுப் பாருங்க. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கவும் உதவினார். சைவத்தை விட்டாரா? அங்கே கண்ட பள்ளி நடத்தும் முறையை எடுத்துக்கிட்டு 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

என் கவலை வேற. இந்த மாதிரிப் பள்ளிகளில் பெரும்பாலும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தான். எஸ்.பி.எம். மலாய்த் தாளைத் தனியா எழுதி கிரெடிட் எடுக்கலைன்னா அரசாங்க வேலை கஷ்டம். சலுகை கடைசி வருஷம் வரை உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்கச் சொன்னேன்.

தமிழுக்கும் தேவாரத்துக்கும் நம்ம ஞாயிறு வகுப்பு இருக்கு. போன மாசம் வந்தது நாலே பிள்ளைங்க. தீமிதி உபயத்துக்குப் போட்டி போடுறோம், இதுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

காலை 9 மணி, கோயில் மண்டபம். தங்கச்சி மகள் வர்றேன்னு சொல்லியிருக்கா.