ஆதி உண்டா?

காட்பாடிக்கு அந்தப் பக்கம் வள்ளிமலைப் பாறையில் தீர்த்தங்கரர்கள் கால் மடக்கி, மடியில் கை வைத்து அமர்ந்திருக்கிறார்கள். கங்க மன்னன் இராசமல்லன் பெயர் சொல்லும் கன்னடக் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. அதே மலையில்தான் முருகன் கோயில். கிருத்திகைக்குப் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு இறங்குகிறோம்.

உலகம் எப்படி வந்தது என்பதில் இரண்டும் வேறு. சமணருக்கு உலகைப் படைத்தவர் எவரும் கிடையாது. அது என்றும் உள்ளது. சைவ சித்தாந்தத்தில் படைப்பு உண்டு, ஆனால் வெறுமையிலிருந்து அல்ல. என்றுமுள்ள மாயையிலிருந்து சிவன் உலகைத் தோற்றுவித்து, ஒடுக்கி, மறுபடி தோற்றுவிக்கிறான். ஆம்பூர்ப் பள்ளிவாசலில் கேட்டால், இறைவன் ஆகென்றான், ஆயிற்று. தோல் ஷாப்பில் ஒரே தொட்டியருகே நிற்கும் இருவர் மனத்தில் இரு வேறு பிரபஞ்சங்கள்.

விஞ்ஞானத்துக்கும் இந்த நம்பிக்கைகளுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படி இல்லை. ஓர் அணுவிலிருந்து பிரபஞ்சம் தொடங்கியிருக்கும் என்று 1931இல் எழுதிய லெமெத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். அதனாலேயே பலருக்குச் சந்தேகம். தொடக்கம் என்றாலே படைத்தவன் வந்துவிடுவானே என்று வானியலாளர் பிரெட் ஹாயில் அதை வெறுத்தார். போண்டி, கோல்ட் இருவரும் அவரும் 1948இல் ஆதியில்லாப் பிரபஞ்சம் ஒன்றை முன்வைத்தார்கள். நம் நார்லிகர் பின்னாளில் ஹாயிலோடு சேர்ந்து, கடைசிவரை அந்தப் பக்கமே நின்றார். சோவியத் நாட்டில் கட்சித் தலைவர் ஸ்தானோவ் 1947இல் தொடக்கம் பேசியவர்களைச் சாடினார். அவருக்கு அது மதவாதிகளின் கட்டுக்கதை.

1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் புதிய வானியலைப் படைப்புக்குச் சாட்சியாக்கிப் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கை சமயக் கேள்வி எதற்கும் பதிலல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்தான்.

யார் விருப்பம் எதுவானாலும் வழக்கைத் திருப்பியது ஓர் இரைச்சல். பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் தங்கள் ரேடியோ ஆன்டெனாவில் படிந்த புறா எச்சத்தைத் துடைத்தும் அது போகவில்லை. அது ஆதி வெப்பத்தின் மிச்சம் என்று 1965இல் தெரிந்தது. வானியலாளர் பெரும்பாலோர் ஹாயிலை விட்டு விலகினார்கள். இன்றைய கணக்குக்குப் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு.

‘எங்கள் நூலில் அன்றே இருக்கிறது’ என்று எல்லாச் சமயத்தாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நாளை கணக்கு மாறினால் நூலை என்ன செய்வார்கள்? வானைப் பார்க்கும் இடம் நம் பக்கத்திலேயே உண்டு: ஆலங்காயத்தைத் தாண்டினால் காவலூர். 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் ஆசிரியர்கள் நட்சத்திரத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், லெமெத்ர், ஹாயில் கதையையும் சொல்ல வேண்டும்.