மணியோசை வரும் முன்னே

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது நம்மவர் பழமொழி. மோட்டார் வாகனத்துக்கும் அது பொருந்தும் என்பதை 2023-ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே, துணுக்காயிலிருந்து மாங்குளம் செல்லும் வீதியில் கற்றுக்கொண்டேன்.

அன்று அம்மாவுக்கு யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரியில் கண் கிளினிக். கச்சான் காற்றின் புழுதிக்கு அஞ்சிக் கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, குளிரூட்டியை இயக்கிப் புறப்பட்டோம். இரண்டு நாட்களாகவே கார் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "என்ன மோனை, இந்தச் சத்தம்?" என்று அம்மா கேட்டபோதெல்லாம், "பழைய கார் அப்படித்தான் அம்மா" என்று சொல்லி வந்தேன்.

மாங்குளத்தை அடையுமுன் குளிர்காற்று அனலாக மாறிற்று. றப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. பற்றரி விளக்குச் சிவந்தது. வெப்பமானியின் முள்ளும் மேலேறிற்று. கிளினிக்குக்குப் பிந்திவிடுவோமே என்ற பதற்றத்தில் இன்னுஞ் சிறிது தூரம் ஓட்டிவிடவே என் மனம் துடித்தது. "நிற்பாட்டு மோனை" என்றார் அம்மா.

இறங்கிப் பொனற்றைத் திறந்து, றேடியேற்றர் மூடியில் கை வைக்கப் போனேன். "தம்பி, மூடியைத் தொடாதேயும்!" என்று ஒரு குரல் தடுத்தது. உழவு இயந்திரத்தில் வந்த பெரியவர் ஒருவர் அவர். உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருக்குமாம். மூடியைத் திறந்த கணமே முகத்திற் சீறுமாம்.

சூடு தணிந்தபின் அவர் ஆராய்ந்த முறை எனக்கொரு பாடமாயிற்று. "நிற்கையிற் சூடேறி ஓடுகையிற் தணிந்தால் விசிறியைச் சந்தேகியும். பற்றரி விளக்கும் சூடும் ஒன்றாக வந்தால் பெல்ற்றைப் பாரும்" என்றார். எங்கள் காரிலே தண்ணீர்ப் பம்பையும், மின் பிறப்பாக்கியையும், குளிரூட்டியின் கொம்பிரசரையும் சுழற்றுவது ஒரே பெல்ற்றுத்தான். அதனைத் தளர்த்தி ஒவ்வொரு கப்பியையும் கையாற் சுழற்றினார். கொம்பிரசரின் கப்பி மட்டும் அசையவில்லை.

"குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஓடலாமா, ஐயா?" என்றேன்.

"கொம்பிரசரின் உட்புறம் இறுகியிருந்தால் ஓடலாம், கிளச் அதனை விலக்கிவிடும். இங்கே கப்பியின் பெயாரிங் அல்லவா இறுகிவிட்டது! கிளச் விலகினாலும் கப்பி சுழன்றே ஆகவேண்டும்" என்றார்.

1939-இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் காரிலே முதன்முதல் குளிரூட்டியைப் பொருத்தியபோது அந்தக் கிளச்சும் இருக்கவில்லையாம். அதனை நிறுத்த வேண்டின், இயந்திரத்தை நிறுத்திப் பெல்ற்றையே கழற்ற வேண்டுமாம். இதனைப் பின்னர்ப் படித்தறிந்தேன்.

ஓட்டோவிலும் பஸ்ஸிலுமாகச் சென்று, கடைசி ஆளாகவேனும் அம்மா வைத்தியரைக் கண்டார். உழவு இயந்திரத்தின் பின்னே கட்டி இழுபட்டுச் சென்ற கார், புதுப் பெயாரிங்குடனும் பெல்ற்றுடனும் திரும்பிற்று. மேலும் ஓட்டியிருந்தால் சிலிண்டர்த் தலையே வளைந்திருக்கும் என்றார் திருத்தியவர்.

கண் மங்கிய அம்மாவின் செவிக்கு எட்டிய மணியோசை, கண் தெளிந்த எனக்கு எட்டவில்லை. இப்பொழுதெல்லாம் காரில் ஏறியதும் அம்மாவிடம், "ஏதாவது சத்தம் கேட்கிறதா, அம்மா?" என்று நானே கேட்கிறேன்.