பந்தும் நடையும்

குருமடத்தில் நாம் இலத்தீன் பயின்ற நாள்களில், 'அனிமா' என்ற சொல்லுக்கு ஆன்மா, உயிர், மூச்சு என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்தோம். அரிஸ்டாட்டில் ஆன்மாவைக் குறித்து எழுதிய நூலை மெய்யியல் வகுப்பில் படித்தபோது, தானே இயங்குவதற்கும் பிறரால் இயக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியதும் நினைவில் உள்ளது. அந்த 'அனிமா'வின் வழியில் வந்ததே 'அனிமேஷன்' என்பதை அறிந்திருந்தும், தொலைக்காட்சியில் பூனை எலியைத் துரத்துவதற்கு அப்பால் அதில் ஒன்றும் இல்லை என்றே எண்ணியிருந்தோம். ஒரு பந்தைத் தாளில் துள்ள வைக்க நாம் மூன்று நாள் திண்டாடப்போகிறோம் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்போம்.

கடந்த மே மாதத்தில் பங்குச் சிறுவர்களுக்கு விடுமுறை வகுப்பு நடந்தது. சென்னையில் அசைவூட்டப் படக்கூடம் ஒன்றில் பணியாற்றும் நம் பங்கு இளைஞர் ஒருவர், பத்து நாள் விடுப்பில் வந்திருந்தவர், தம் தொழிலின் அரிச்சுவடியைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முன்வந்தார். மேற்பார்வைக்கென்று போய் அமர்ந்த நம் கையிலும் ஒரு பென்சிலைத் திணித்துவிட்டார். "சும்மா பாத்துக்கிட்டிருந்தா வராது ஃபாதர், நீங்களும் வரைங்க" என்றார். கருவிகள் எளியவை. மீந்துபோன ரசீதுப் புத்தகங்களின் வெற்றுப் பக்கங்கள், அடித்தாள் தெரியும்படி மேல்தாளை வைத்து வரைவதற்குத் திருப்பொருள் அறையின் சன்னல் கண்ணாடி, படமெடுக்க முக்காலியில் கட்டிவைத்த கைப்பேசி. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படமெடுத்தால் நொடிக்கு 12 ஓவியங்கள் போதும் என்று அவர் சொன்னபோது, 'இவ்வளவுதானா!' என்று தோன்றியது. முதல் நாள் மாலைக்குள் அந்தத் துணிவு போய்விட்டது.

முதற்பயிற்சி துள்ளும் பந்து. நாம் நேர்மையாக, அளவுகோல் வைத்து, ஒரே இடைவெளியில் பந்துகளை வரைந்தோம். ஓட்டிப் பார்த்தால் பந்து விழவில்லை. மின்தூக்கியில் இறங்குவதுபோல் இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். இளைஞர் கணக்கைச் சொன்னார். விழும் பொருள் முதல் இடைவெளியில் 1 பங்கு தொலைவு போனால், அடுத்து 3, பிறகு 5, பிறகு 7 என்று போகும். ஆகவே உச்சியில் பந்துகள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்க வேண்டும். தரையை நெருங்க நெருங்க விலக வேண்டும். ஒற்றைப்படை எண்களின் இந்த ஒழுங்கைக் கண்டு சொன்னவர் கலிலேயோ. (அவரை நம் திருச்சபை நடத்திய விதத்தைப் பற்றி இங்கே பேச இடமில்லை, பேசினால் இதழ் போதாது.) தரையில் மோதும்போது பந்து நசுங்க வேண்டும், எழும்போது நீள வேண்டும், ஆனால் அதன் பருமன் மாறலாகாது. நசுங்கிய பந்தைச் சற்றுச் சிறிதாக வரைந்துவிட்டால், வேறொரு பந்து வந்து உட்கார்ந்ததுபோல் கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. இரும்புக் குண்டோ நசுங்குவதில்லை. ஒருமுறை சிறிதே எழுந்து அடங்கிவிடும். வட்டம் ஒன்றுதான், அது ரப்பரா இரும்பா என்பதை இடைவெளியும் நேரமுமே சொல்கின்றன.

டிஸ்னி நிறுவனத்தில் நெடுங்காலம் வரைந்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்னும் இருவர், 1981இல் வெளியிட்ட நூலில் இத்தகைய நெறிகளை 12 ஆகத் தொகுத்தனர் என்று இளைஞர் சொன்னார். நம் நாட்டுக்கு இக்கலைப் பயிற்சி வந்த வழியையும் அவரே கூறினார். இந்தியாவில் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்து டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர், 1956இல் பம்பாய்க்கு வந்து ஃபிலிம்ஸ் டிவிஷனில் ஒரு சிறு குழுவுக்குக் கற்பித்தார். அக்குழுவில் பயின்றவர்களுள் ராம் மோகன் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார். புத்த சாதகக் கதையொன்றைத் தழுவிய 'தி பேனியன் டீர்' என்னும் படம் 1957இல் அங்கிருந்து வெளிவந்தது. அவர்களும் பந்தில்தான் தொடங்கியிருப்பார்களோ என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டாம் பயிற்சி பாதி நிறைந்த மாவு மூட்டை. முகமும் இல்லை, கையும் இல்லை. நான்கு மூலைகள் மட்டும். அதை மகிழவும் வருந்தவும் வைக்க வேண்டும். டிஸ்னியில் புதியவர்களுக்குக் கொடுத்துவந்த பழைய பயிற்சியாம் இது. நம் பங்குச் சமையற்கட்டிலிருந்து அரிசிச் சாக்கைத் தூக்கிவந்து, சாய்த்தும் வளைத்தும் பார்த்து வரைந்தோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் மூட்டை, தாவுவதற்கு முன் நன்றாகக் குனிந்து பதுங்கியது. அந்தப் பதுங்கல் இல்லாவிட்டால் தாவல் கண்ணில் படுவதே இல்லை. நமது மூட்டை கடைசிவரை மூட்டையாகவே இருந்தது.

மூன்றாவதாக நடை. "மனசுல இருக்கிறத வரையாதீங்க. தினமும் பாக்கிற ஒருத்தர எடுத்துக்கங்க" என்றார் இளைஞர். நாம் தயங்கவில்லை. இப்பங்குக்கு வந்த ஆறு ஆண்டுகளாக விடியலில் முதலில் காணும் மனிதர் நம் கோயில்பிள்ளை. அவர் நடையைக் கண்ணை மூடிக்கொண்டே வரையலாம் என்று எண்ணினோம். ஏறத்தாழ அப்படித்தான் வரைந்தோம். ஒரு காலடிக்கு 6 ஓவியங்கள்; இரு காலடிக்கு 12. பாதம் ஊன்றுதல், உடல் தாழ்தல், மறுகால் கடத்தல், உடல் உயர்தல் என எல்லாம் பாடப்படி அமைந்தன. ஓட்டிக் காட்டினோம். இளைஞர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நடை சரியா இருக்கு ஃபாதர். ஆனா இது அவர் இல்ல. யாருமே இல்ல" என்றார்.

மறுநாள் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து, கோயில்பிள்ளை வாளியுடன் முற்றத்தைக் கடப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். அதில் நொடிக்கு 30 படங்கள். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினோம். இடக்கால் தரையில் ஊன்றி நின்றது 25 படங்கள். வலக்கால் 17. தவறாக எண்ணிவிட்டோம் என்று மீண்டும் எண்ணினோம், 17தான். வலக்காலை ஊன்றிய மறுகணமே, சுடுமணலை மிதித்தவரைப்போல் இடக்காலை அவசரமாக முன்னே எறிகிறார். இடத்தோள் இறங்கி, எடையையெல்லாம் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்கிறது.

நம் கோயில் மணிக்கூண்டில் 42 படிகள். கீழிருந்து இழுக்கும் கயிறும் உருளையும் பழுதாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவிழாச் செலவு, மேற்கூரைச் செலவு என்று அதனை நாம் தள்ளிவைத்துக்கொண்டே வந்தோம். ஆகவே மூவேளைச் செபத்துக்கு, நாளுக்கு மூன்று முறை, அவர் மேலே ஏறிச்சென்றே மணியடித்தார். நாமோ கீழே நின்று, மணி இரண்டு நிமிடம் பிந்தியதற்காக ஒருமுறை அவரைக் கடிந்தும் இருக்கிறோம்.

அன்று மாலை அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னோம். வழக்கம்போல் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, வலது முட்டு எத்தன நாளா வலிக்கி?"

"அது கெடக்கட்டும் சாமி. போன மழைக்கு முன்னாலயே உண்டு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சற்று யோசித்தார். குறைபட்டுக்கொள்ளும் குரலே இல்லை. "சாமி தெனமும் பாக்கியளே. தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஆறு ஆண்டுகளில் எத்தனை மறையுரைகளில், வழியோரம் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற குருவைப் பற்றிப் பேசியிருப்போம்! அக்குருவாவது ஒருமுறைதான் கடந்து சென்றார்.

கயிறும் உருளையும் நான்கே நாளில் மாட்டியாயிற்று. அவ்வளவு எளிய வேலை அது. மருத்துவர் முழங்கால் மூட்டு தேய்ந்திருப்பதாகச் சொல்லி, படியேறக் கூடாதென்றார். இதை எழுதும்போது அவர் கீழே நின்றே மணியடிக்கிறார். சில நாள் இன்னும் பிந்துகிறார்.

படம் மட்டும் நம் மேசையில் கிடந்தது. புதிதாக 18 தாள்களில் வரைந்திருந்தோம், இம்முறை அவரேதான். வகுப்பின் இறுதி நாளில் எல்லாருடைய பயிற்சிகளையும் திரையிடுவதாக ஏற்பாடு. ஒருவருடைய வலியை நம் பாடமாக்கிப் பிள்ளைகள்முன் ஓட விடுவது தகுமா என்று இரண்டு இரவுகள் குழம்பினோம். இளைஞர் நுட்பத்தைப் பாராட்டினாரே தவிர, இதற்கு விடை சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதும் இல்லை. எடுத்துவிடலாம் என்று முடிவு செய்த பிறகு, அவரிடம் கேளாமலே முடிவு செய்வதும் பழைய பிழைதான் என்று பட்டது. கோயில்பிள்ளையை அழைத்து, அவருக்கு மட்டும் ஓட்டிக் காட்டினோம்.

மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். மூன்றாம் முறை, கைப்பேசியைத் தம் கையிலேயே வாங்கிக்கொண்டார்.

"நாந்தான்" என்றார். பிறகு, "வாளிய வலது கையில குடுத்துருக்கியளே சாமி. நா எப்பவும் எடது கையிலல்லா புடிப்பேன். அதான் அந்தத் தோளு எறங்குது" என்றார்.

பதிவை மீண்டும் போட்டுப் பார்த்தோம். வாளி இடக்கையில்தான் இருந்தது. "பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று கேட்டோம். "வாளிய மாத்திட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறு மணியாகிவிட்டதென்று எழுந்து போனார். அன்றிரவு சன்னல் கண்ணாடிக்கு வெளிச்சம் போதவில்லை. மேசை விளக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு, 18 தாள்களிலும் வாளியை அழித்து வரைந்தோம்.