கங்கைகொண்ட சோழபுரம்

வேந்தர் வீற்றிருந்த நகரங்கள் பல, காலவெள்ளத்தில் பெயரையும் இழந்து மறைந்தன. பெயரும் புகழும் நிலைத்திருக்க, ஆரவாரம் மட்டும் நீங்கிய ஊர் ஒன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அதுவே கங்கைகொண்ட சோழபுரம்.

செயங்கொண்டத்தினின்று கிழக்கே செல்வோர், முந்திரித் தோப்புகளையும் வயல்களையும் கடந்து இவ்வூரை அடைவர். ஊர் கண்ணிற்படுமுன்னே கோயில் விமானம் தோன்றும். ஆனால், அங்கே தலைநகரின் பரபரப்பு இல்லை. ஆடு மேய்க்கும் சிறுவரையும், வயலுக்குச் செல்லும் உழவரையுமே காணலாம்.

முதலாம் இராசேந்திர சோழனுடைய படை, ஏறத்தாழ 1023-ஆம் ஆண்டில் கங்கைக்கரை வரை சென்று வென்று மீண்டது. அவ்வெற்றியின் நினைவாக அவன் இப்புதுநகரை அமைத்தான். தோற்ற மன்னர் சுமந்துவந்த கங்கைநீரைப் பெய்து, சோழகங்கம் என்னும் பேரேரியையும் கண்டான். வெற்றித்தூண் நாட்டுவதே வேந்தர் வழக்கம். இவனோ நீரையே தூணாக நிறுத்தினான். ஏறத்தாழ 250 ஆண்டுகள், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழராட்சி முடியும்வரை, இந்நகர் தலைநகராய் விளங்கிற்று.

அரசன் வாழ்ந்த மாளிகை இப்பொழுது யாதாயிற்று? மாளிகைமேடு என்னும் மண்மேடாயிற்று. அதன் செங்கற்களைப் பிற்காலத்தார் தத்தம் தேவைக்குப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1980 முதல் அங்கே அகழ்ந்து, சுவர்களின் அடிப்பகுதிகளையும், கூரை ஓடுகளையும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளையும் கண்டெடுத்தனர். நகரின் எஞ்சிய பகுதிகள் சிற்றூர்ப் பெயர்களில் ஒளிந்துள்ளன. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்னும் பெயர்களைக் கூர்ந்து நோக்கின், கோட்டையும், படைக்கலமும், காவற்படையும், கட்டடப் பணியும் ஒருங்கே நினைவுக்கு வரும்.

கோயிலோ நிமிர்ந்து நிற்கின்றது. அதன் விமானம் 50 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. தஞ்சை விமானத்தினும் சற்றுத் தாழ்ந்தது; எனினும் நெளிவுடன் மேலேறும் அதன் வனப்புத் தனித்தன்மை வாய்ந்தது. வடபுறப் படிக்கட்டின் அருகில், சிவபெருமான் சண்டேசரின் தலையிற் பூமாலை சூட்டும் சிற்பம் உள்ளது. மண்டியிட்டிருக்கும் அடியவரின் பணிவு, கல்லில் வடித்ததெனத் தோன்றாது.

இக்கோயிலுக்கும் ஓர் இடர் நேர்ந்தது. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபொழுது, கோயிலின் சுற்றுமதிற் கற்கள் அதற்கெனப் பெயர்க்கப்பட்டன. ஊர்மக்கள் இயன்றவரை தடுத்தனர், தடுத்தவர் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கூறிய உறுதிமொழியும் காற்றிற் போயிற்று. ஆயினும் அவ்வணை பயனற்றதன்று. அது தேக்கும் நீர், சோழர் வெட்டிய வீராணம் ஏரிக்கும் சென்று வயல்களை விளைவிக்கின்றது. நன்மை ஒன்றைச் செய்யப் பழமை ஒன்றை அழித்தல் வேண்டுமோ என்னும் வினாவிற்கு, அன்று எளிய மக்களே விடை கூறினர். கற்றோரும் ஆள்வோரும் அவ்விடையைக் கேட்க நெடுங்காலமாயிற்று. 2004-இல் யுனெசுகோ நிறுவனம் இக்கோயிலை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

சோழகங்கம் இப்பொழுது பொன்னேரி என வழங்குகின்றது. பழைய பரப்பும் ஆழமும் அதற்கு இல்லை. எனினும் மழை பெய்யின் நீர் தேங்கும்; நீர் தேங்கின் வயல் விளையும்.

அரசன் தனக்கெனக் கட்டிய மாளிகை மண்ணாயிற்று. பலர்க்கெனச் செய்த கோயிலும் ஏரியுமே எஞ்சின. அவையும் தாமே எஞ்சினவல்ல. விளக்கேற்றியவரும், கரை காத்தவரும், கல்லைப் பெயர்க்க வந்தோரைத் தடுத்தவரும் இருந்தமையாலேயே எஞ்சின. வேந்தனின் பெயரைக் கல்வெட்டுகள் கூறும். அம்மக்களின் பெயரைக் கூறும் கல்வெட்டு இல்லை. நிற்கும் கோயிலே அவர்களுக்குரிய கல்வெட்டு.