ரெண்டாவது டிரிப் பஸ் போன பிறகு

பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்கிறது விதி. நான் போன மைதானத்தில் கயிற்றடியில் வரிசையாக நின்ற பையன்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளி மைதானம் அது. விடிவதற்கு முன்னால் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குத் தயாராகிறவர்கள் வந்து இடம்பிடித்துவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருவதற்குள் ஓட்டம், தாண்டல், கயிறு எல்லாம் முடிந்துவிட வேண்டும். சொல்லிக் கொடுப்பவர் ஓய்வுபெற்ற ஏட்டு. காசு வாங்குவதில்லை. பையன்களுக்கு அவர் ‘மாஸ்டர்’.

ஆண்களுக்கான கணக்கு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். உயரம் 170 செ.மீ.; பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பளவு 81, மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடாதவர் அங்கேயே வெளியே. அதற்குப் பிறகுதான் மதிப்பெண்ணுக்கான சோதனைகள். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50க்கு இரண்டு.

கயிற்றில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கையில் பலம் இருந்தால் ஏறிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் சிரித்தார். “பலம் இருக்கிறவன்தான் சார் பாதியில தொங்குவான். தலைக்கு மேல ரொம்ப எட்டிப் பிடிப்பான். அடுத்த இழுப்புக்குத் தோள்ல ஒண்ணும் மிச்சமிருக்காது. சின்னச் சின்னப் பிடியா பிடிச்சுட்டே போணும். எலேய், கீழ பாக்காத!” கடைசி அதட்டல் மூன்றாள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு. இறங்கி வந்தவனின் உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தில் தோல் உரிந்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

மொத்தம் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. தமிழ்த் தகுதித் தேர்வில் தேறாவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்த மாட்டார்கள். எஸ்.ஐ. தேர்வில் இருப்பதுபோல இதில் நேர்முகத் தேர்வு கிடையாது. அப்படியானால் இந்த வேலைக்கு வருகிறவர் இன்னொரு மனிதரிடம் எப்படிப் பேசுவார் என்பதை உள்ளே நுழையும்வரை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது உறுத்தியது. மாஸ்டரிடம் கேட்டேன். “அதெல்லாம் உள்ள போய்க் கத்துக்குவானுங்க” என்றார்.

உள்ளே என்பது காவலர் பயிற்சிப் பள்ளி. எஸ்.ஐ.க்களுக்கு வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் உயர் பயிற்சியகம் இருக்கிறது. காவலர்களுக்கு மாநிலத்தில் பல ஊர்களிலும் பள்ளிகள் உண்டு. அப்படி ஒன்றுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். பேசியவர்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள். பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். அங்கே 7 மாதப் பயிற்சி, அதன்பின் 1 மாதம் காவல் நிலையத்தில் நடைமுறைப் பயிற்சி.

பள்ளிக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது கவாத்து மைதானத்தைத்தான். ஒரு எட்டுக்கு 30 அங்குலம். கவாத்துப் போதகர் கையில் அளவுகோல்போல ஒரு கழியோடு பக்கவாட்டில் நடந்துகொண்டே இருக்கிறார். நேராக நிற்கச் சொன்னால் நம்மில் பலருக்கு நெஞ்சு முன்னால் வரும், இடுப்பு பின்னால் போகும். அவர் விரலால் ஒருவரின் முதுகைத் தொட்டார், அவ்வளவுதான். அந்த ஆள் நிமிர்ந்துவிட்டார். புதிதாக வந்தவர்கள் காலைத் தூக்கித் தரையில் அறைவதுதான் கவாத்து என்று நினைக்கிறார்கள் என்றார். முதல் மாதத்திலேயே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் பலரும் அந்த ரகமாம்.

துப்பாக்கிப் பயிற்சியைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனேன். சத்தம் பழகிவிட்டால் அதில் பார்ப்பதற்கு அதிகமில்லை. கடைசியில் நடந்ததுதான் மனதில் நின்றது. சுட்ட தோட்டாக்களின் காலிக் குப்பிகளை எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். கொடுத்த கணக்கும் திரும்பிய கணக்கும் பொருந்த வேண்டும். ஒன்று குறைந்தது. டீ நின்றது, வண்டி நின்றது. புல்லைக் கையால் விலக்கி விலக்கித் தேடி, ஒருவர் அதைக் கண்டெடுத்துக் கொடுத்த பிறகுதான் அணி கலைந்தது.

சட்ட வகுப்பு அதற்கு நேர்மாறு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டப் போதகர் ஒரு பெண் எஸ்.ஐ. பயிற்சிக் காவலர்களுக்கு அவர் ‘அம்மா’. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதா வந்துவிட்டது. கொலை 103, மோசடி 318. சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு 302 என்றால் இன்னும் கொலைதான். புதிய சட்டத்தில் 302ஆம் பிரிவு மத உணர்வைப் புண்படுத்தப் பேசுவது பற்றியது. “எண்ணை மாத்தி எழுதிட்டு வந்து நிக்காதீங்கப்பா” என்றபோது வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மாதிரிக் காவல் நிலையப் பாடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கத்தைத் தாள். ஒரு பயிற்சிக் காவலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடு பறிகொடுத்த பாட்டியாக வந்தார். இன்னொருவர் புகாரை எழுத வேண்டும்.

“யார் மேல பாட்டி சந்தேகம்?”

அம்மா மேசையைத் தட்டினார். “ஆடு எப்போ போச்சு, எங்க போச்சுன்னு கேக்கல. அதுக்குள்ள உனக்கு ஆள் வேணுமா?”

அவர் மறுபடி தொடங்கினார். “ரெண்டாவது டிரிப் பஸ் போன பொறவு பாத்தேன்யா, கெடாவக் காணோம்” என்றது பாட்டி. எழுதுகிறவர் ‘காலை சுமார் 10.30 மணியளவில்’ என்று எழுதிக்கொண்டு மேலே போனார். அம்மா தாளை வாங்கிப் படித்தார்.

“10.30ன்னு பாட்டி சொன்னாங்களா?”

“பஸ் அந்த நேரத்துக்குத்தாம்மா வரும்.”

“கோர்ட்டுல வக்கீல் கேப்பார், ‘உங்க வீட்டுல கடிகாரம் இருக்கா பாட்டி?’ இல்லைன்னு சொல்வாங்க. ‘அப்போ 10.30ன்னு உங்களுக்கு யார் சொன்னா?’ போலீஸ்காரர் எழுதினார்னு பாட்டி உண்மையைச் சொல்லிடுவாங்க. கேஸ் போச்சு. அவங்க சொன்னத அப்படியே எழுது. பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு கண்டக்டர்கிட்ட தனியா விசாரிக்கணும்.” பிறகு, “கெடா என்ன விலை போகும்னு கேட்டியா?” என்றார். கேட்கவில்லை. திருடுபோன பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் குற்றம், பொருளும் திரும்பக் கிடைத்துவிட்டது என்றால் தண்டனை சமூக சேவை. விலை தெரியாமல் எழுதினால் பின்னால் சிக்கல்.

எஃப்.ஐ.ஆர். பதிவது நிலைய அதிகாரியின் பொறுப்பு. ஆனால் வாசலில் பாரா நிற்கிற காவலரின் காதில்தான் புகார் முதலில் விழுகிறது. “அப்புறம் வா” என்று அவர் சொல்லிவிட்டால் அந்தப் புகார் அங்கேயே முடிந்துபோகும். கொலை போன்ற பெருங்குற்றங்களில் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆரை ராத்திரியோடு ராத்திரியாக நீதித்துறை நடுவரின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறவரும் காவலர்தான். நடுவர் அதில் தான் பெற்றுக்கொண்ட நேரத்தைக் குறிப்பார். வழியில் டீ குடிக்க நின்ற நேரத்தை, நாலு வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘யோசித்து ஜோடித்த நேரம்’ என்பார். கயிறு ஏறியது, 30 அங்குல எட்டு எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் போலீஸ் வேலையாகத் தெரிந்தது. கால அட்டவணையில் இதற்குக் கிடைக்கும் இடம் கவாத்துக்குக் கிடைப்பதில் எவ்வளவு என்று பார்த்தேன். பெருமைப்படும்படி இல்லை.

கைது பற்றிய பாடத்தில் டி.கே. பாசு வழக்கு வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னவை: பெயர்ப் பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இவை இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் இறந்ததை அம்மா ஊர்ப் பெயரைச் சொல்லியே பேசினார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கைதானவர்களில் காவலர்களும் இருந்தார்கள்; அந்த இரவில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சாட்சியாகச் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். “மேல இருக்கிற ஐயா சொன்னார்னு லத்தியை எடுத்தா, ஜெயிலுக்கு ஐயாவோட நீயும் போவ” என்றார். பின் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார்: “முடியாதுன்னு எப்படிம்மா சொல்றது?” அம்மா கொஞ்சம் யோசித்து, “எழுத்துல கொடுங்க ஐயான்னு கேளு” என்றார். அது எந்த அளவுக்கு நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேர்வு, சத்தியப் பிரமாணம், அணிவகுப்பு, ஊரிலிருந்து வேனில் வந்த குடும்பங்கள் எடுக்கிற போட்டோக்கள் எல்லாம் முடிந்து இவர்கள் காவலர்களாகிறார்கள். ஆனால் பெரும்பாலானோர் அடுத்து போவது காவல் நிலையத்துக்கு அல்ல; சிறப்புக் காவல் படை பட்டாலியனுக்கோ மாவட்ட ஆயுதப் படைக்கோதான். அங்கே வருஷக்கணக்கில் பந்தோபஸ்து, காவல், எஸ்கார்ட். சீனியாரிட்டிப்படி முறை வந்தால்தான் தாலுகா, அதாவது காவல் நிலையம்.

திருச்செந்தூர் கந்த சஷ்டிக் கூட்டத்தில் பட்டாலியன் காவலர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பதில் சொன்னார். பயிற்சி முடித்துச் சில வருஷங்களாகின்றன. நிலையத்தில் இருந்தது அந்த 1 மாதம் மட்டும்.

“ரைட்டர் ஐயா நல்லாச் சொல்லிக் கொடுத்தார் சார். எஃப்.ஐ.ஆர். எழுத, ஜெனரல் டைரி போட, எல்லாம் தெரிஞ்சுச்சு. நோட்டு இப்பவும் டிரங்குப் பெட்டியில இருக்கு.”

“புதுச் சட்டம்?”

“அதான் சார். நோட்டு பூரா பழைய செக்‌ஷன். நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள சட்டமே மாறிப்போச்சு. எங்களுக்கும் வகுப்பு வச்சாங்க. அன்னிக்கு எனக்கு வெளியூர்ப் பந்தோபஸ்து.”

இப்போது போனில் ஓர் ஆப் வைத்திருக்கிறாராம். பழைய எண்ணைப் போட்டால் புதிய எண் வரும். எடுத்துக் காட்டப் போனார். அதற்குள் கடற்கரைப் பக்கம் கூட்டம் நெரிகிறது என்று விசில் கேட்டது. லத்தியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்.