சிறைக்குள்ளே ஒரு நியாயஸ்தலம்

நீதிபதி தீர்ப்புக் கூறிக் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பிவிட்டால், அத்துடன் விசாரணை என்பது முடிந்தது என்றே நம்மவரில் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். உண்மை அவ்வாறன்று. சிறைக்குள்ளேயும் ஒரு நியாயஸ்தலம் உண்டு. அங்கே கறுப்பு அங்கி அணிந்த வக்கீல்களைக் காண்பது அரிது. வேடிக்கை பார்க்க வருவோர் இல்லை. பத்திரிகை நிருபரும் இல்லை. ஒரு மேசை, இரண்டொரு நாற்காலி, ஒரு விசாரணை அதிகாரி, அவர் எதிரில் ஒரு கைதி. இவ்வளவே அதன் சாமான். காவலர் இட்ட கட்டளையை மீறினான், மற்றொருவனை அடித்தான், படுக்கைக்கடியில் தகட்டுக் கத்தியை ஒளித்து வைத்தான், சிறுநீரில் போதைமருந்தின் அடையாளம் தெரிந்தது என்பன போன்ற குற்றச்சாட்டுகள் அங்கே விசாரிக்கப்படுகின்றன.

அவ்வதிகாரியின் கையிலுள்ள அதிகாரத்தை அற்பமென்று கொள்ளலாகாது. அவர் கைதியைத் தனியறையில் அடைக்கலாம். தொலைபேசியில் பிள்ளைகளின் குரலைக் கேட்கும் சலுகையை நிறுத்தலாம். நன்னடத்தைக்காகத் தண்டனையிலிருந்து கழிக்கப்படும் நாட்களைப் பறிக்கவோ, பறிக்கும்படி பரிந்துரைக்கவோ செய்யலாம். வெளியேயுள்ள நீதிபதி விதித்த தண்டனையை இவர் நீட்டவில்லை என்று சட்டம் சொல்லும். மே மாதம் வீடு திரும்புவான் என்று நாளெண்ணிக் கொண்டிருந்த தாய்க்கு, அவன் வருவது நவம்பர் மாதம் என்று கடிதம் போனால், நீண்டதென்ன, நீளாததென்ன?

இவ்விசாரணை அதிகாரிகளுக்கு மேலே அமர்ந்து அவர்தம் வேலையைக் கண்காணிப்பவர் எதைப் பார்க்கிறார், எதைப் பாராது விடுகிறார் என்பதே நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாகாணச் சிறைகளை இதற்கு உதாரணமாகக் கொள்கிறோம். அந்நாட்டுச் சிறைகள் மற்ற நாட்டுச் சிறைகளிலும் மேலானவை என்பதற்காக அன்று. அங்கேதான் இக்கேள்வி பலமுறை நீதிமன்றம் ஏறி, சார்பும் எதிர்ப்புமாகிய காரணங்கள் எழுத்தில் இருக்கின்றன.

1974-ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா மாகாணச் சிறையிலிருந்து எழுந்த 'உல்ஃப் எதிர் மெக்டொன்னல்' என்னும் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. நன்னடத்தைக் கழிவைப் பறிப்பதாயின், 24 மணி நேரத்திற்குக் குறையாமல் முன்னதாகவே குற்றச்சாட்டைக் கைதிக்கு எழுத்தில் கொடுத்தல் வேண்டும். சிறையின் பாதுகாப்புக்குக் கேடு வாராதவரை அவன் தன் சாட்சிகளை அழைக்க இடந்தருதல் வேண்டும். எந்தச் சான்றை நம்பி, எக்காரணத்தால் தண்டித்தோம் என்பதை எழுதிக் கொடுத்தல் வேண்டும். எழுத்தறியாதவனுக்குத் துணை செய்ய ஒருவர் வேண்டும். இவை கொடுக்கப்பட்டவை. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும், தன்மேல் குற்றஞ் சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் மறுக்கப்பட்டன. சிறையின் உயர் உத்தியோகஸ்தர்களே கூடி விசாரிக்கும் கமிட்டி நடுநிலை தவறியதாகாது என்றும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நம் பேச்சுக்கு வேண்டியது இந்தக் கடைசிச் சங்கதிதான்.

பதினோர் ஆண்டு கழித்து, 1985-இல், அதே உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் கூறிற்று. அவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபொழுது நமக்கு வியப்பே மேலிட்டது. ஜூன் மாதத்தில் மஸாசூஸெட்ஸ் மாகாணத்து வழக்கொன்றில், விசாரணை அதிகாரியின் முடிவுக்கு ஆதாரமாகப் பதிவேட்டில் ஏதோ சிறிது சான்று இருந்தாலே போதும், அரசியல் சட்டம் அதற்குமேல் கேளாது என்று கூறப்பட்டது. அதாவது, பத்துச் சான்று கைதியின் பக்கமும் ஒரு சான்று காவலர் பக்கமும் இருந்து, அதிகாரி அந்த ஒன்றையே நம்பினாலும் முடிவு நிற்கும். டிசம்பர் மாதத்தில் இந்தியானா மாகாணத்து டெரே ஹோட் நகரிலுள்ள மத்திய சர்க்கார் சிறையின் கமிட்டி உறுப்பினர்கள், தங்களையும் நீதிபதிகளைப் போலவே எந்த நஷ்டஈட்டு வழக்கும் அண்டாதபடி முற்றாகக் காக்க வேண்டும் என்று கேட்டு வந்தனர். நீதிமன்றம் இணங்கவில்லை. காரணம் என்ன சொல்லிற்று? இவர்கள் சுதந்திரமான நீதிபதிகள் அல்லர். வார்டனுக்குக் கீழ்ப்பட்ட சிப்பந்திகள். தம்மோடு தினமும் வேலை செய்யும் சகஊழியர் ஒருபுறமும் கைதி மறுபுறமும் நிற்க, யார் சொல் மெய் என்று துணிய வேண்டியவர்கள். ஆகையால் சகஊழியர் பக்கமும் ஸ்தாபனத்தின் பக்கமும் சாயும்படியான நெருக்கடி அவர்கள்மேல் இருந்தே தீரும் என்றது.

மனத்தில் நிறுத்திப் பாருங்கள். ஜூன் மாதம் அவர் முடிவை மிகுதியாகக் கிளற வேண்டாம் என்றனர். டிசம்பர் மாதம் அவர் நீதிபதியே அல்லர் என்றனர். 1995-ஆம் ஆண்டில் ஹவாய் மாகாணத்து வழக்கில், 30 நாள் தனியடைப்பு என்பது சிறைவாழ்வில் வழக்கத்துக்கு மிஞ்சிய கொடுமையன்று, அதற்கு முன்சொன்ன பாதுகாப்புகளைக் கோர இயலாது என்று கூறி, வெளி நீதிமன்றம் இன்னும் ஓரடி பின்வாங்கிற்று. வெளியார் விலக விலக, உள்ளே இருந்து கண்காணிப்பவரின் பொறுப்பு ஏறிக்கொண்டே போகிறது.

அந்த மேலதிகாரி என்ன செய்கிறார்? பெரும்பாலும் காகிதம் பார்க்கிறார். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. காகிதமும் பார்க்க வேண்டியதே. நியூயார்க் மாகாண விதிகளை எடுத்துக்கொண்டால், குற்றச்சாட்டு எழுதப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். முடியாவிடில் அனுமதி பெற வேண்டும். பெருங்குற்ற விசாரணை முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்பட வேண்டும். சம்பவத்தைக் கண்ணால் கண்டவரும், அதில் சம்பந்தப்பட்டவரும், அதைத் துப்பறிந்தவரும் விசாரணை அதிகாரியாக அமரக்கூடாது. தேதி சரியா, கையெழுத்து உண்டா, சாட்சியை மறுத்த காரணம் எழுதப்பட்டதா என்று மேலிருந்து பார்ப்பதால் பல அக்கிரமங்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன. எனினும் காகிதம் சுத்தமாயிருக்கக் காரியம் அழுக்காயிருப்பதும் உண்டு.

அதே நியூயார்க்கில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 2019 ஜனவரியில் கைதிகளின் சிறுநீரைச் சோதிக்கப் புதிய கருவிகள் கொணரப்பட்டன. 'நான் தொட்டதே இல்லை' என்று கைதிகள் ஒருவர்பின் ஒருவராய்ச் சொன்னார்கள். கைதி அவ்வாறுதானே சொல்வான்! கருவி காட்டிய விடை காகிதத்தில் இருந்தது. ஏதோ சிறிது சான்று போதும் என்ற அளவுகோலுக்கு அது தாராளம். வேறுவகைச் சோதனையால் உறுதி செய்யாமலே விசாரணைகள் நடந்தன, தண்டனைகள் விழுந்தன. தனியறைக்குப் போனவர் உண்டு. குடும்பத்தாரைக் காணும் வாய்ப்பை இழந்தவர் உண்டு. ஆகஸ்டு மாதத்தில்தான் அச்சோதனை நின்றது. 1,600-க்கு மேற்பட்டவர்கள் நம்பத்தகாத சோதனையின்பேரில் தண்டிக்கப்பட்டனர் என்று அம்மாகாணத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2022 ஜனவரியில் ரிப்போர்ட் வெளியிட்டார். அவ்விசாரணைகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் தேதியும் கையெழுத்தும் முறையாகவே இருந்திருக்கும்.

ஒரு விசாரணை அதிகாரிக்கு முன்னே இருப்பது ஒரு கட்டு. அன்று காலை ஒருவன், மாலை மற்றொருவன். அவரைக் கண்காணிப்பவரின் மேசைக்கோ எல்லாச் சிறைகளின் கட்டுகளும் வருகின்றன. இத்தனை பேர் ஒரே மாதிரியாக மறுக்கிறார்களே என்று ஐயுறக்கூடிய இடம் அம்மேசை ஒன்றே. 2022 நவம்பரில் அதே இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் மற்றொரு கணக்கும் வெளியிட்டது: 2015 முதல் 2020 வரை நியூயார்க் சிறைகளில் கறுப்பினக் கைதிமேல் குற்றச்சாட்டு எழுதப்படும் வாய்ப்பு வெள்ளைக் கைதிக்கு உள்ளதிலும் நூற்றுக்கு 22 அதிகம். இதனையும் ஒற்றைக் கட்டில் காண முடியாது. மொத்தமாய்க் கூட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கே அகப்படும். தேதி சரிபார்ப்பதற்கு ஒரு குமாஸ்தா போதும். கூட்டிப் பார்ப்பதற்கன்றோ மேலதிகாரி!

இவ்விடத்தில் நம் தோட்டத்துப் பக்கம் சற்றே திரும்பிப் பார்ப்பதில் தவறில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தொழிலாளியை ஒழுங்கீனத்திற்காக நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. விசாரணைக்காக இரண்டு வாரம் வரை அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து நிறுத்தி வைக்கலாம். கிராணிமாராகிய நாம் குறிப்பெழுதுவதற்கு அவ்விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறோம். பெரட்டில் நேற்றுவரை பெயர் கூப்பிடப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நாற்காலியில் இருப்பவர் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத் துரை, நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவருடைய பதவியுயர்வுக்குக் கையெழுத்திடுபவரும், குற்றஞ்சாட்டியவரின் பதவியுயர்வுக்குக் கையெழுத்திடுபவரும் ஒருவரே. தமிழில் சொன்னது ஆங்கிலக் குறிப்பாகும்பொழுது 'நான் எடுக்கலே ஐயா, வழியிலே கிடந்துச்சு' என்பது எவ்வளவு இளைத்துப் போகிறது என்பதையும் நாம் அறிவோம். நம்மவர்க்கேனும் வெளியே தொழிற்சங்கம் உண்டு; அதற்கப்பால் தொழில் நீதிமன்றம் உண்டு; மாலையில் வீடுபோய்ச் சேரும் சுதந்திரமும் உண்டு. கைதிக்கு அந்தக் கடைசி ஒன்று இல்லாமையால், விசாரிப்பவர் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்னும் கேள்வி பன்மடங்கு கூர்மையடைகிறது.

அக்கேள்விக்கு நேராக விடை சொல்ல முயன்ற மாகாணங்களும் உள. மிஷிகன் சட்டசபை 1979-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால், சிறை இலாகாவிலேயே விசாரணைக்கென்று தனிப்பிரிவு ஒன்று ஏற்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதிக்குப் பின் நியமிக்கப்படும் விசாரணை அதிகாரி ஒவ்வொருவரும் வக்கீலாக இருத்தல் வேண்டும். அவர்கள் அந்தந்தச் சிறையின் வார்டனுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். விசாரணை நிருவாகி என்னும் மேலதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர். ஏதோ சிறிது சான்று என்பது அங்கே போதாது. எப்பக்கத்துச் சான்று கனமுடையது என்று நிறுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்த வேறுபாட்டை நீதிமன்றமும் உணர்ந்தது. டெரே ஹோட் கமிட்டிக்கு மறுக்கப்பட்ட முழுப் பாதுகாப்பை, 1988-இல் ஆறாவது வட்டாரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் மிஷிகன் அதிகாரிகளுக்கு அளித்தது. நீதிபதி போல அமைத்து வைத்தால் நீதிபதியென்றே நடத்தலாம் என்பது அதன் கருத்து. வாஷிங்டன் மாகாணமோ, சிறைக்கு வெளியே மேற்பார்வையில் வாழ்வோரை விசாரிக்கும் அதிகாரிகள், அவர்களைக் கண்காணித்துக் குற்றஞ்சாட்டும் உத்தியோகஸ்தர்களின் அதிகார வரிசைக்குப் புறம்பான வேறொரு வரிசையிலேயே நிற்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியே வைத்துள்ளது.

வரிசையைப் பிரித்த மாத்திரத்தில் நியாயம் பிறந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. நாள்தோறும் அதே சுவர், அதே வாசல், அதே குற்றச்சாட்டு என்று கேட்டுக் கேட்டு வக்கீலின் செவியும் தடித்துப் போகும். 'காவலர் பொய் சொல்லவேண்டிய காரணம் எதுவும் இல்லை' என்னும் ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக எழுதிக் கட்டை மூடுவது எளிது. மேலதிகாரி அந்த வாக்கியத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அது வந்த கட்டுகளின் ஒலிப்பதிவைப் போட்டு, கைதி பேசத் தொடங்கியபொழுது எத்தனை வினாடியில் இடைமறிக்கப்பட்டான் என்று கேட்க வேண்டும். அழைக்கப்படாத சாட்சி யார், அவன் அடைபட்டிருந்த அறை சம்பவம் நடந்த இடத்திலிருந்து எத்தனை அடி என்று பார்க்க வேண்டும்.

அதனினும் முக்கியமானது ஒன்று. கைதியை நம்பிக் குற்றச்சாட்டைத் தள்ளிய அதிகாரி மறுநாள் காலையில் அதே வாசல் வழியே, அதே காவலர்களின் முன்பாக உள்ளே நடந்து போக வேண்டும். எவரும் அவரை அடிக்கப் போவதில்லை. ஆனால் வாசல் திறக்கக் கொஞ்சம் தாமதமாகும். சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுபோகும். அன்று அவருக்கு மேலிருப்பவரிடமிருந்து வரும் தொலைபேசி என்ன கேட்கிறது? 'ஏன் தள்ளினீர்?' என்று மட்டும் கேட்டால், அடுத்த கட்டின் முடிவு அப்பொழுதே எழுதப்பட்டாயிற்று. தண்டித்த கட்டுக்கும் 'ஏன் தண்டித்தீர்?' என்று அதே குரலில் கேட்கும் மேலதிகாரி எத்தனை பேர்?

நியூயார்க்கில் அண்மையில் சில மாறுதல்கள் வந்துள்ளன. 2021-இல் இயற்றப்பட்டு 2022 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், தனியடைப்பைத் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்படக் கூடாதென்று வரையறுத்தது. அவ்விசாரணைகளில் வக்கீலோ, சட்ட மாணவரோ, மற்றொரு கைதியோ குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காகப் பேசவும் இடந்தந்தது. 1974-இல் மறுக்கப்பட்டதன் ஒரு பகுதி இவ்விதம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 2025 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சிறைக்காவலர் வேலைநிறுத்தம் செய்தபொழுது இச்சட்டத்தை நீக்க வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளில் ஒன்றாயிருந்தது. முறையீட்டு விதியோ பழையதே. பெருங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவன் 30 நாட்களுக்குள் தலைநகராகிய ஆல்பனிக்கு முறையிட வேண்டும். முறையீடு போய்ச் சேர்ந்தபின் விடையளிக்க 60 நாள் தவணை. முறையிட்ட மாத்திரத்தில் தண்டனை தானாக நின்றுவிடுவதில்லை. பதினைந்து நாளும் தனியறையில் இருந்து வெளிவந்து, மாதம் ஒன்றும் கழிந்தபின், தண்டனை ரத்துச் செய்யப்பட்டது என்னும் கடிதம் ஒரு கைதியின் கைக்கு வரக்கூடும். அவன் அதை எங்கே வைப்பான்?